கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்



அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் போனது. சத்யபாமா மாணவர்களின் சத்யபாமாசாட் 2016 ஜூன் 22 அன்று பி.எஸ்.எல்.வி.-சி34இல் போனது. இப்போது உங்கள் முறை. நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து, ஆளுக்கொரு மாடியில் யாகி ஆன்டெனா நிறுத்தி, ஒரே செயற்கைக்கோளின் டெலிமெட்ரியைக் கேட்கப் போகிறீர்கள். ஒருவருக்குத் தப்பியது இன்னொருவருக்குக் கிடைக்கும், எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்டினால் முழுப் பதிவு கையில் வந்துவிடும் என்பது உங்கள் கணக்கு. கேட்பது நல்ல யோசனைதான். கொட்டினால் மட்டும் வராது. சேர்ப்பது தனி வேலை, அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. நெடுங்காலம் இந்த வேலையோடு இருந்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் கீழே எழுதுகிறேன்.

1. எத்தனை நிலையம் என்று எண்ணாதீர்கள். அவற்றின் குறைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று பாருங்கள்.

500 கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளி தரையில் நொடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடுகிறது. செயற்கைக்கோள் ஒருமுறை நம் வானத்தைக் கடந்து போவதைப் பாஸ் என்கிறோம். வடக்கு தெற்காகப் போகும் பாஸ் ஒன்றைச் சென்னையும் மதுரையும் கேட்டால், இருவருக்கும் இடையே அதிகம் போனால் ஒரு நிமிட வித்தியாசம். டெல்லியும் கன்னியாகுமரியும் கேட்டால் 5 நிமிடத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். பாஸை நீட்டுவதற்குத் தூரத்து நிலையம் வேண்டும். ஓட்டையை அடைப்பதற்குப் பக்கத்து நிலையமே போதும், ஆனால் அதன் சூழல் வேறாக இருக்க வேண்டும். ஒரு மாடியில் சோலார் இன்வெர்ட்டர் இரைகிறது, இன்னொரு வளாகத்தில் மலிவான எல்.இ.டி. விளக்குகள் இரைகின்றன. இரண்டும் ஒரே கணத்தில் ஒரே பிட்டைக் கெடுக்க வாய்ப்புக் குறைவு. அந்த வேறுபாடுதான் உங்கள் மூலதனம்.

செயற்கைக்கோள் உருண்டுகொண்டே போகும்போது அதன் ஆன்டெனாவின் குருட்டுத் திசை சில நொடிகள் உங்கள் பக்கம் திரும்பும். அப்போது ஒரே ஊரில் பத்து நிலையம் இருந்தாலும் பத்தும் ஒன்றாக இழக்கும். இன்னொரு பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ஒரு நிலையம் அந்தப் பத்தைவிட மேல்.

மென்பொருளையும் மறந்துவிடாதீர்கள். எல்லாக் கல்லூரியும் ஒரே டிகோடரின் ஒரே பதிப்பை ஓட்டினால், அதில் உள்ள பிழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். ஐந்து நிலையம் ஒத்துப்போகிறது என்று நீங்கள் மகிழ்வீர்கள், ஐந்தும் தவறாக இருக்கும். 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 37 நொடியில் வழிதவறியதற்குக் காரணம் இதுதான். திசையறியும் கருவி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். மாற்றாக வைத்திருந்ததும் முதன்மையானதும் ஒரே காரணத்தால் அடுத்தடுத்து நின்றன. உங்களில் ஒரு கல்லூரியாவது வேறு டிகோடரை ஓட்டட்டும். வசதி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

2. கடிகாரத்தை முதலில் சரிசெய்யுங்கள், ஆன்டெனாவைப் பிறகு.

எல்லா லாகும் யு.டி.சி. நேரத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு நிலையம் இந்திய நேரத்திலும் மற்றது யு.டி.சி.யிலும் எழுதினால் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அது பெரிய பிழை என்பதால் உடனே கண்ணில் படும். கண்ணில் படாதது இரண்டு மூன்று நொடிப் பிழைதான். கல்லூரி நெட்வொர்க் நேர சர்வரை அடைத்து வைத்திருக்கும், கணினி தன் போக்கில் நழுவிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சிறிய ஜி.பி.எஸ். ரிசீவர் ஒன்றை வாங்கி ஒவ்வொரு நிலையத்திலும் பொருத்துங்கள்.

கடிகாரத்தைச் சோதிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 437 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல், டாப்ளர் விளைவால் பாஸின் தொடக்கத்தில் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் முடிவில் அதே அளவு கீழேயும் இருக்கும். நடுவில் அது சரேலென்று இறங்கும் கணம்தான் செயற்கைக்கோள் உங்களுக்கு மிக அருகில் வந்த கணம். பாதைக் கணிப்பு சொல்லும் நேரத்தோடு அதை ஒப்பிடுங்கள். கணிப்பே பிசகியிருந்தால் எல்லா நிலையத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு பிசகும். ஒரே ஒரு நிலையம் மட்டும் விலகி நின்றால், விலகியது அதன் கடிகாரம். ஒவ்வொரு பாஸுக்கும் இதைச் செய்யலாம், செலவு எதுவும் இல்லை.

ரேடியோ அலை 300 கிலோமீட்டர் கடக்க ஒரு மில்லி நொடி ஆகும். 9600 பிட் வேகத்தில் அந்த ஒரு மில்லி நொடியில் ஒன்பது, பத்து பிட் போய்விடும். நிலையங்களின் தூர வித்தியாசம் பாஸ் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கடிகாரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பிட்டோடு பிட்டை நேரத்தை வைத்து மட்டும் பொருத்த முயலாதீர்கள். ஃபிரேமின் தொடக்க அடையாளத்தைக் கண்டு அதிலிருந்து எண்ணுங்கள்.

3. ஃபிரேமுக்கு வரிசை எண் வையுங்கள். அது போதும் என்று நினைக்காதீர்கள்.

ஒரே ஃபிரேம் நான்கு நிலையத்திலிருந்து வரும், அதில் ஒரு நிலையம் மறுநாள் காலையில்தான் அனுப்பும். சர்வருக்கு வந்த நேரத்தை வைத்து அடுக்கினால் எல்லாம் குழம்பும். விண்ணிலேயே எண் ஏறியிருக்க வேண்டும். 8 பிட் எண் வைத்து 5 நொடிக்கு ஒரு ஃபிரேம் அனுப்பினால் 21 நிமிடத்தில் எண் மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். சுமார் ஒன்றரை மணி கழித்து அடுத்த சுற்றில் வரும் 37ஆம் ஃபிரேம் எந்த 37 என்று தெரியாது. 16 பிட் வைத்தால் மூன்றே முக்கால் நாள் தாங்கும். கணினி விண்ணில் தானே ரீசெட் ஆனாலும் எண் முதலிலிருந்து தொடங்கும் என்பதால், எத்தனையாவது முறை விழித்தது என்ற எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். செயற்கைக்கோள் போன பிறகு இதை மாற்ற முடியாது. இன்றே உங்கள் குழுவில் பேசுங்கள்.

4. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள்.

நான் சொல்லவந்ததில் முக்கியமானது இது. மற்றவை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நிலையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெற்றிடத்தைப் பார்த்தால் கை அரிக்கும். முந்தைய மதிப்பை இழுத்து நிரப்புவார், அல்லது இரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு போடுவார், அல்லது சந்தேகமான பிட்டை ஒன்று என்றோ பூச்சியம் என்றோ முடிவுசெய்து அனுப்பிவிடுவார். வரைபடம் அழகாக இருக்கும். சேர்க்கும் இடத்தில் இருப்பவருக்கு அது கேடு. எது கேட்டது, எது ஊகித்தது என்று அவருக்குப் பிரித்தறிய வழியில்லை.

இது நேர்மை பற்றிய பேச்சு மட்டும் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. விண்வெளித் தகவலில் பரவலாகப் புழங்கும் ரீட்-சாலமன் பிழைதிருத்தக் குறியீட்டில் 255 பைட்டுக்கு 223 பைட் செய்தி, 32 பைட் உபரி. எங்கே பிழை என்று தெரியாவிட்டால் அது 16 பைட் வரை திருத்தும். இந்தந்த இடம் எனக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் குறித்துக் கொடுத்தால் 32 பைட் வரை மீட்டுத் தரும். அதாவது ஒப்புக்கொண்ட வெற்றிடத்தின் விலை, மறைத்த பிழையின் விலையில் பாதி. ஒரே நிலையத்தில் இவ்வளவு ஆதாயம் என்றால், ஐந்து நிலையங்களும் தத்தம் வெற்றிடத்தைக் குறித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒருவரின் வெற்றிடத்தில் இன்னொருவரின் பைட் அப்படியே உட்காரும், சண்டையே இல்லை.

1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தது. பூமியிலிருந்து தூரம் 400 கோடி கிலோமீட்டருக்கு மேல். ஒரு டிஷ் போதவில்லை. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் இருந்த 70 மீட்டர் ஆன்டெனாவோடு, நியூ மெக்சிகோவில் வானியலுக்காகக் கட்டிய வி.எல்.ஏ.வின் 25 மீட்டர் டிஷ்கள் 27ஐயும் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நிலையத்தோடு பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியைச் சேர்த்தார்கள். வி.எல்.ஏ.வில் ஒரு சிக்கல் இருந்தது. அது தன் கட்டுப்பாட்டு வேலைக்காக ஏறக்குறைய 52 மில்லி நொடிக்கு ஒருமுறை 1.6 மில்லி நொடி காதை மூடிக்கொள்ளும். வானியலாளருக்கு அது பொருட்டில்லை, டெலிமெட்ரிக்கு அது ஓட்டை. ஆனால் எப்போது, எவ்வளவு நேரம் என்று அந்த ஓட்டை முன்கூட்டியே தெரிந்திருந்தது. கோல்ட்ஸ்டோனுக்கு அந்த ஓட்டை இல்லை. மீதியைப் பிழைதிருத்தக் குறியீடு தாங்கியது. நெப்டியூனின் படங்கள் நமக்கு வந்தன. குறையே இல்லாத நிலையத்தை அவர்கள் தேடவில்லை. குறை இன்னது என்று அளந்து தெரிந்த நிலையத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

5. பெரும்பான்மையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

மூன்று நிலையங்களும் ஆயிரம் பிட்டுக்கு ஒன்றைத் தவறாகக் கேட்கின்றன, தவறுகள் தொடர்பற்றவை என்று கொள்வோம். பிட்டுக்குப் பிட் ஓட்டெடுப்பு நடத்தினால் தவறு பத்து லட்சத்துக்கு மூன்றாகக் குறையும். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஓட்டெடுப்பின்மேல் காதல் வந்துவிடும். இப்போது வேறு நிலைமையைப் பாருங்கள். ஒரு நிலையத்தின் நேர் தலைக்குமேல் செயற்கைக்கோள் போகிறது, லட்சம் பிட்டுக்கு ஒரு தவறுதான். மற்ற இரண்டும் தொடுவானத்தில் கேட்டு, ஐந்தில் ஒரு பிட்டைத் தவறாக எடுக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்து தவறும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. அத்தனை இடத்திலும் அவை சரியாகக் கேட்டவரைத் தோற்கடிக்கும். லட்சத்துக்கு ஒன்றாக இருந்த தவறு, சேர்த்ததால் நூற்றுக்கு நான்காகிவிட்டது.

இது அபூர்வமான நிலைமை என்று எண்ணாதீர்கள். 500 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையில் தலைக்கு நேர்மேலே 500 கிலோமீட்டர் தூரம், தொடுவானத்தில் சுமார் 2570 கிலோமீட்டர். தூரத்தால் மட்டும் 14 டெசிபல் வித்தியாசம். ஒவ்வொரு பாஸிலும் யாராவது ஒருவர் நல்ல இடத்திலும் மற்றவர் மோசமான இடத்திலும்தான் இருப்பார்கள், சில நிமிடத்தில் இடம் மாறுவார்கள்.

6. ஆகவே எடை போட்டுச் சேருங்கள்.

சிக்னலும் இரைச்சலும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அந்த அளவுக்கு ஒருவரின் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பதே முறை. ஒழுங்காகச் செய்தால் விகிதங்கள் அப்படியே கூடும். சமமான இரண்டு நிலையம் சேர்ந்தால் 3 டெசிபல், நான்கு சேர்ந்தால் 6 டெசிபல். 10 டெசிபல் கீழே கிடக்கும் நிலையத்தைச் சேர்த்தால் கிடைப்பது 0.4 டெசிபல். அந்தச் சொற்பத்துக்காக இரவெல்லாம் விழித்து நிரல் எழுதவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மட்டத்தில் சேர்ப்பது என்று கேட்பீர்கள். முதல் ஆண்டு ஃபிரேம் மட்டத்தில் மட்டும் செய்யுங்கள். சோதனையில் தேறிய ஃபிரேம் எந்த நிலையத்தில் இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். அது பழகியபின் பிட் மட்டத்துக்கு வாருங்கள். அப்போது ஒன்று, பூச்சியம் என்று முடிவுகட்டிய பிட் வேண்டாம், எவ்வளவு உறுதி என்ற மதிப்பும் கூட வேண்டும். சிக்னலையே அலையோடு அலையாகச் சேர்ப்பது கடைசிப் படி. 437 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 69 சென்டிமீட்டர். அதில் சிறு பங்கு அளவுக்குத் தூரமும் கட்டமும் பொருந்த வேண்டும், அதுவும் நொடிக்கு நொடி. பெரிய அமைப்புகள் செய்கின்றன. நீங்களும் ஒருநாள் செய்வீர்கள், தொடக்கத்தில் வேண்டாம்.

7. பேய் ஃபிரேம்களுக்குக் காவல் போடுங்கள்.

நிலையங்கள் கூடக் கூட உண்மை மட்டும் கூடுவதில்லை. 16 பிட் சி.ஆர்.சி. சோதனை, வெறும் இரைச்சலையும் 65,536க்கு ஒருமுறை நல்ல ஃபிரேம் என்று சொல்லிவிடும். ஒரு நிலையத்துக்கு அது ஒன்றுமில்லை. 20 நிலையங்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு சந்தேக ஃபிரேமைச் சோதிக்கிறது, பாஸ் 10 நிமிடம் என்றால், ஒரு பாஸுக்கு 12,000 சோதனை. ஐந்தாறு பாஸுக்கு ஒரு பேய் தேறி உள்ளே வரும். தினம் ஒரு பொய் மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பேட்டரி வெப்பம் மைனஸ் 90 என்று காட்டும், ஒரு குழுவே தூக்கமின்றி அலையும். அழைப்புக்குறி சரியா, வரிசை எண் பொருந்துகிறதா, அந்த நேரத்தில் செயற்கைக்கோள் அந்த நிலையத்தின் வானத்தில் இருந்ததா என்று மூன்றையும் கேட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

8. ஆனால் மதிப்பு விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் அழிக்காதீர்கள்.

செயற்கைக்கோள் நோயுறும்போது அனுப்பும் எண்கள் விசித்திரமாகத்தான் இருக்கும். ஒதுக்கி வைத்துக் குறி போடுங்கள். அழிப்பது வேறு.

9. மூலப் பதிவைக் காப்பாற்றுங்கள்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் திரும்பிவரும் வழியில் சிதைந்தது. நம் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் போனார்கள். கட்டுப்பாட்டு அறையின் திரையில் டெலிமெட்ரி ஒரு கணத்தில் நின்றுவிட்டது. உண்மையில் அதற்குப் பிறகும் சிக்னல் துண்டு துண்டாக வந்திருக்கிறது. தரம் போதாது என்று மென்பொருள் அதைத் திரைக்கு விடவில்லை, பதிவில் மட்டும் இருந்தது. பின்னர் அந்த மூலப் பதிவைத் தோண்டி, அடுத்த 32 நொடி நேரத்தில் முதல் 5 நொடியையும் கடைசி 2 நொடியையும் மீட்டார்கள். நடுவில் 25 நொடி இல்லை. அந்தச் சில நொடிகளிலிருந்து, ஓடத்தில் எது இன்னும் இயங்கியது, எது நின்றுபோனது என்று விசாரணைக் குழு அறிய முடிந்தது. வடிகட்டியதை மட்டும் வைத்திருந்தால் அந்தச் செய்தி யாருக்கும் கிடைத்திராது.

உங்களுக்கு இதற்கு ஆகும் செலவு என்ன? நொடிக்கு 48,000 மாதிரி வீதம் ஐ-கியூ பதிவாக எடுத்தால், ஒரு மாதிரிக்கு 4 பைட், 10 நிமிட பாஸுக்கு 115 மெகாபைட். ஒரு சினிமாவைவிடச் சிறியது. டிகோடர் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்ன பாஸையும் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு உங்களைவிட நன்றாக நிரல் எழுதும் தங்கை ஒருத்தி வருவாள். அவளுக்கு அதிலிருந்து ஃபிரேம் கிடைக்கும்.

10. சேர்த்த பதிவில் ஒவ்வொரு வரிக்கும் சாட்சியின் பெயர் இருக்கட்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தில் ‘நாலு பேர் சொன்னார்கள்’ என்றால் எடுபடாது, யார் யார், எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேட்பார்கள். அதே கேள்வி இங்கேயும். எந்த நிலையம், எந்த நேரம், எவ்வளவு சிக்னல், எந்த டிகோடர் பதிப்பு, எத்தனை பைட் திருத்தப்பட்டது என்பது ஃபிரேமோடு கடைசிவரை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் ஆறு மாதமாகக் கோளாறு என்று பின்னால் தெரிந்தால், அது தொட்டதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க முடியும். பெயர் இல்லாவிட்டால் ஆறு மாதமும் போச்சு.

இதையொட்டி இன்னொன்று. யார் அதிக ஃபிரேம் பிடித்தது என்று கல்லூரிகளுக்குள் போட்டி வைக்காதீர்கள். போட்டி வந்தால் சந்தேகத்துக்குரியதையும் தள்ளிவிடும் ஆசை வரும், தெரியாது என்று எழுதும் கை தயங்கும். நான்காவதாகச் சொன்னதற்கு அது நேர் எதிரி.

11. உலகம் கேட்கும்படி வடிவத்தை வெளியிட்டுவிடுங்கள்.

பிரிட்டன், நெதர்லாந்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் செய்த ஃபன்கியூப்-1 செயற்கைக்கோள் 2013 நவம்பர் 21 அன்று ஏவப்பட்டது. 145.935 மெகாஹெர்ட்ஸில் வந்த அதன் டெலிமெட்ரியைப் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பள்ளிகளும் கேட்டு, இணையம் வழியாக ஒரே கிடங்குக்கு அனுப்பினார்கள். அதற்கென்றே மென்பொருளை முன்கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அதன் பிழைதிருத்த முறை, ஏ.ஓ.-40 செயற்கைக்கோளுக்காக ஃபில் கார்ன் வகுத்தது. 256 பைட் செய்தியை 5200 பிட்டாக விரித்துக் கலைத்து அனுப்பும். நடுவில் சிக்னல் சற்று மங்கினாலும் முழு ஃபிரேம் கிடைத்துவிடும். கிரேக்க நாட்டில் 2014இல் தொடங்கிய சாட்நாக்ஸ் வலையமைப்பில் இன்று பல நாடுகளின் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் செயற்கைக்கோளின் முதல் குரலை நீங்கள் கேட்கும் முன்பே வேறு கண்டத்தில் யாராவது கேட்டுவிடக்கூடும்.

அதிர்வெண், பண்பேற்ற முறை, ஃபிரேமின் அமைப்பு, ஒவ்வொரு பைட்டும் எதைக் குறிக்கிறது, எந்தச் சமன்பாட்டால் வோல்ட்டாக மாறும் என்பதெல்லாம் ஏவுதலுக்கு ஒரு மாதம் முன்பே பொதுவில் இருக்கட்டும். மாதிரிக்கு ஒரு பதிவு ஒலிக்கோப்பும் கூட வையுங்கள். அனுப்புகிறவர்களுக்குக் கடிதம் எழுதி நன்றி சொல்லுங்கள், அவர்கள் பதிவையும் மேலே சொன்ன அதே காவல்கள் வழியாகவே உள்ளே விடுங்கள்.

12. ஏவுதலுக்கு முன் ஒத்திகை.

வானத்தில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டு, உங்கள் எல்லா நிலையங்களும் ஒரு வாரம் இரவும் பகலும் கேளுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு கடிகாரத்தை 2 நொடி தள்ளி வையுங்கள், ஒரு நிலையத்தின் கேபிளைப் பாதி பாஸில் கழற்றுங்கள், ஒரு நிலையம் பழைய ஃபிரேமைப் புதிய நேரத்தோடு அனுப்பட்டும். சர்வரில் இருப்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள். மூன்றையும் அவர் பதிவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டால், உங்கள் அமைப்பு ஏவுதலுக்குத் தயார்.